டிவிடியில் இடம் வீணாகாமல் கோப்புகளை அடுக்குவது எப்படி?

கேள்வி: காரைக்குடி வீட்டின் பழைய கணக்கேடுகள், கல்யாண ஆல்பங்களை ஸ்கேன் செய்ததில் 61 ஜிபி சேர்ந்துவிட்டது. வரிசையாக எழுதினால் ஒவ்வொரு டிவிடியிலும் அரை ஜிபி மிஞ்சுகிறது. வழி உண்டா?

பதில் 1: பெயர் வரிசையை விடுங்க. பெரியது முதலாக அடுக்கி, ஒவ்வொன்றையும் இடமிருக்கும் முதல் வட்டில் போடணும். சில்லறைப் படங்கள் கடைசியில் பொந்தை அடைக்கும். டிவிடி பிளஸ் ஆர் (DVD+R, ஒருமுறை மட்டும் எழுதும் வட்டு) கொள்ளளவு 4,700,372,992 பைட். ஒரு ஜிபிக்கு 1,073,741,824 பைட் என்று எண்ணும் விண்டோஸ் கணக்கில் சுமார் 4.38 ஜிபிதான்.

பதில் 2: அண்ணே, செக்டரை, அதாவது வட்டில் இடம் ஒதுக்கும் 2,048 பைட் துண்டை, விட்டுட்டீங்களே! 100 பைட் கோப்பும் 2,048 பைட்டைத் தின்னும். ஒவ்வொன்றையும் 2,048-இன் மடங்காக மேலே ஏற்றிய பிறகு கூட்டுங்க. விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம், வட்டில் எழுதும்போது வரும் பிழை அங்கேதான் அதிகம்.

பதில் 3: ஒரே ஆல்பத்தை மூணு வட்டில் சிதறடிச்சா அப்புறம் யார் தேடுறது? ஃபோல்டரையே ஒரு உருப்படியா வைங்க. கொஞ்சம் இடம் போனா போகுது.