முதல் பசுமைக் கட்சி ஜேர்மனியிலா? யார் சொன்னது?

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்):
மல்லாவி மைந்தன் நேற்று இங்கே ஒரு கட்டுரை போட்டிருந்தார். வடக்குக்கு ஒரு பசுமைக் கட்சி வேண்டுமாம். வேண்டும்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இரண்டாம் பந்தியிலேயே, உலகின் முதல் பசுமைக் கட்சி 1980இல் ஜேர்மனியில் பிறந்தது, மற்றதெல்லாம் அதைப் பார்த்து வந்தவை என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார். ஐயா, நீங்கள் இருக்கிற நாட்டில்தான் எல்லாம் தொடங்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா?

முதல் கட்சி தஸ்மேனியாவில். அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள தீவு மாநிலம். 1972 மார்ச் 23, ஹோபார்ட் நகர மண்டபத்தில் கூட்டம் கூடி, ஐக்கிய தஸ்மேனியக் குழு என்று தொடங்கினார்கள். ஏப்ரல் 22இல் மாநிலத் தேர்தலில் இறங்கிவிட்டார்கள். ஜேர்மன்காரர் காள்ஸ்றூ நகரில் கூடியது 1980 ஜனவரியில். கழித்துப் பாருங்கள்.

மல்லாவி மைந்தன் (டோர்ட்முண்ட்):
வணக்கம் குளக்கட்டு அண்ணை. வழக்கம்போலக் கட்டுரையை முழுக்க வாசிக்காமல் வந்து நிற்கிறீர்கள். அந்தக் குழு எடுத்தது 3.9 வீதம், ஆசனம் பூச்சியம். எங்கள் ஊர் சனசமூக நிலையத் தெரிவில் தோற்றவர்கூட அதைவிடக் கூட எடுத்திருப்பார். சபைக்குள் போகாதவர்களை நான் கட்சி என்று எண்ணுவதில்லை.

ஜேர்மனியில் 1979இலேயே பிறேமன் மாநில மன்றத்துக்குள் பசுமைப் பட்டியல் 5.1 வீதத்தோடு நுழைந்தது. 1983இல் மத்திய நாடாளுமன்றத்தில் 27 பேர். 2011இல் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் பசுமைக் கட்சிக்காரரே முதலமைச்சர். கட்சி என்றால் அது.

நெடுங்கேணியான்:
எங்கள் பக்கத்தில் பச்சைக் கட்சி என்றால் யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சிதான். யானை இன்றைக்கும் வருகிறது. வாக்குக் கேட்பதில்லை, நேரே தென்னம்பிள்ளையில் கை வைக்கிறது.

குளக்கட்டு:
நெடுங்கேணியான், பகிடி பிறகு.

மைந்தன், ஆசனம் இல்லாவிட்டால் கட்சி இல்லை என்றால் இலங்கையில் பதிவு செய்த கட்சிகளில் பாதியை அடித்துவிட வேண்டிவரும். தஸ்மேனியாக்காரர் ஏன் எழும்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தென்மேற்குக் காட்டுக்குள் பெடர் என்று ஓர் ஏரி. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுப் போனது. 1955இலேயே அதைத் தேசியப் பூங்காவாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் இளஞ்சிவப்பு மணல், நீளம் மூன்று கிலோமீற்றர் வரும். கோடையில் தண்ணீர் இறங்கினால் அந்த மணலிலேயே சின்ன விமானங்கள் வந்து இறங்கும். அப்படி ஒரு கரை. அதைத்தான் மின்சாரச் சபை மூன்று அணை கட்டி மூழ்கடித்தது. முதலமைச்சர் எரிக் றீஸுக்குச் சனம் வைத்த பட்டமே 'மின்சார எரிக்'. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் அணைக்கு ஒரே குரல். பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் தாங்களே தேர்தலில் நின்றார்கள். 1972 மார்ச் 23. திரும்பவும் சொல்கிறேன், மார்ச் 23.

அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு நின்ற பிறெண்டா ஹீன் என்ற அம்மா, அதே வருடம் செப்டெம்பரில் கன்பெராவுக்கு நியாயம் கேட்க ஒரு பழைய இரட்டை இறக்கை விமானத்தில் புறப்பட்டார். விமானியும் அவரும் இன்று வரை கிடைக்கவில்லை. 3.9 வீதம் என்று பல்லிளிக்க வேண்டாம்.

பரந்தன் பொடிச்சி:
குளக்கட்டு அண்ணை, உங்கள் பெயரிலேயே கட்டு இருக்கிறது. அணை கட்டாதே என்று சொன்ன கட்சியை நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுவது வேடிக்கையாக இருக்கிறது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளக்கட்டு இல்லாவிட்டால் எங்களுக்கு ஏது சிறுபோக நெல்? குளத்தைப் பெருப்பிக்கிறதை அழிவு என்று சொன்னால் எங்கள் கமக்காரர் அமைப்பில் உங்களை உள்ளே விட மாட்டார்கள்.

குளக்கட்டு:
தங்கச்சி, இரணைமடுத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. பெடரில் கட்டியது மின்சாரத்துக்கு. மலிவு மின்சாரம் காட்டித் தொழிற்சாலைகளைக் கூப்பிடுவதுதான் அவர்கள் திட்டம். அந்தத் தண்ணீரில் ஒரு வாய்க்கால், ஒரு வயல் உண்டா? இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

அங்கே ஒரு மண்புழு இனம் இருந்தது. 1971இல் ஒரே ஒன்றைப் பிடித்துப் பதிவு செய்தார்கள். வெள்ளம் ஏறிய பிறகு எவரும் காணவில்லை, அழிந்த இனப் பட்டியலில் போய்விட்டது.

நெடுங்கேணியான்:
ஒரு புழுவுக்காக ஒரு கட்சியா! எங்களுக்கு அரிசிச் சாக்கில் இருக்கிற வண்டுக்கே ஆறு கட்சி தொடங்கலாம்.

பேர்ண் பாலன்:
நீங்கள் இரண்டு பேரும் வீணாக மூச்சு வாங்குகிறீர்கள். சுவிஸில் நெஷாத்தல் நகரத்தில் 1971 டிசம்பரில் சூழலுக்கான மக்கள் இயக்கம் தொடங்கிவிட்டது. ஏரிக் கரையால் நெடுஞ்சாலை போடப் போகிறார்கள் என்றதும் எழும்பிய சனம். அடுத்த வருடமே நகரசபையில் ஆசனம் பிடித்தார்கள். மைந்தனுக்கு ஆசனம் வேண்டும், இதோ ஆசனம். குளக்கட்டுக்குத் திகதி வேண்டும், இதோ மூன்று மாதம் முந்திய திகதி. ஒரு நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் போன முதல் பசுமைக்காரரும் எங்கள் ஆள்தான், 1979இல் டானியல் பிறேலாஸ். தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் படுங்கள்.

மல்லாவி மைந்தன்:
'எங்கள் ஆள்' என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களா பாலன்? நகரசபை ஆசனமெல்லாம் கணக்கில் வராது. நாடு தழுவிய கட்சியாக இருக்க வேண்டும்.

பேர்ண் பாலன்:
மேலே சபைக்குள் போக வேண்டும் என்று எழுதியது யார்? இப்போது நாடு தழுவ வேண்டுமாம். நாடு தழுவியது என்றால் நியூசிலாந்தின் விழுமியக் கட்சி 1972 மே மாதம் வந்துவிட்டது, நவம்பரில் பொதுத் தேர்தலிலும் நின்றது. அதற்கு என்ன சாட்டுச் சொல்லப் போகிறீர்கள்?

குளக்கட்டு:
நெஷாத்தல் ஒரு நகரத்துச் சாலைப் பிரச்சினை. நியூசிலாந்து மே மாதம். மார்ச் மேக்கு முந்தியது என்பதில் யாருக்காவது சந்தேகமா? நான் சொல்வது மாநிலத் தேர்தலில் நின்ற கட்சி. 1972 மார்ச் 23.

மட்டுறுத்துநர்:
கட்சி என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

குளக்கட்டு:
மட்டுறுத்துநர் ஐயா, முடிவாகத்தான் எழுதுகிறேன்.

மைந்தன், பூச்சியம் பூச்சியம் என்று எத்தனை தடவை எழுதினாலும் கதை 1972ஓடு முடிந்துவிடவில்லை. பெடர் போனது. அடுத்து பிராங்ளின் ஆற்றில் அணை கட்ட வந்தார்கள். 1981 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். இந்த இடத்தில் அணையா, அந்த இடத்தில் அணையா என்று இரண்டே தெரிவு. அணையே வேண்டாம் என்பதற்குப் பெட்டி இல்லை. சனம் என்ன செய்தது? மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் பேர் வாக்குச்சீட்டில் 'அணை வேண்டாம்' என்று கையால் எழுதிப் போட்டார்கள். செல்லாத வாக்குத்தான், ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டிவந்தது. அடுத்த வருடக் கடைசியில் ஆற்றை மறித்து நின்றவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். பொப் பிரவுன் என்ற வைத்தியர் 19 நாள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த கையோடு மாநில மன்ற உறுப்பினரானார். 1983 ஜூலை 1, உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்று அணையை நிறுத்தியது. உங்கள் 27 பேர் நாடாளுமன்றத்தில் கதிரை தேடிக்கொண்டிருந்த அதே வருடம், இவர்கள் ஓர் ஆற்றையே காப்பாற்றிவிட்டார்கள்.

பரந்தன் பொடிச்சி:
அண்ணை, அந்தத் தீவில் வழக்குப் போட மத்திய அரசு வந்தது. எங்களுக்கு? எங்கள் கனகராயன் ஆற்றில் இரவில் களவாக ஏற்றுகிற மணலுக்கு யார் வழக்குப் போடுவது?

குளக்கட்டு:
அதற்குத்தான் கட்சி வேண்டும் என்கிறேன்.

மல்லாவி மைந்தன்:
நானும் அதைத்தானே எழுதினேன்! பிறகு எதற்கு இந்தத் திரி?

குளக்கட்டு:
1980 என்று எழுதினீர்கள்.

மல்லாவி மைந்தன்:
உங்கள் தஸ்மேனியாக்காரர் என்ன செய்து கிழித்தார்கள் என்றும் சொல்லிவிடுங்களேன். 1989இல் ஐந்து பேர் வந்தார்கள், லிபரலுக்கு 17, தொழிற்கட்சிக்கு 13. தொழிற்கட்சியோடு ஒப்பந்தம் எழுதி ஆட்சியில் ஏற்றினார்கள். அடுத்த வருடமே மரச்சீவல் ஏற்றுமதியில் முரண்பட்டு ஒப்பந்தம் உடைந்தது. 1998இல் இரண்டு பெரிய கட்சியும் சேர்ந்து 35 ஆசனத்தை 25 ஆக்கியதும் ஒரே ஒரு பசுமைக்காரர் மிச்சம்.

குளக்கட்டு:
ஒப்பந்தத்தை உடைத்தது காட்டை விற்க மாட்டோம் என்பதற்காக. இரண்டு பெரிய கட்சியும் சேர்ந்து மன்றத்தின் அளவையே சுருக்கித்தான் அவர்களை ஒடுக்க வேண்டியிருந்தது என்றால் யாருக்கு யார் பயம்? 2010இல் திரும்ப ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவிலேயே முதல் பசுமை அமைச்சரானார். 2024இல் மன்றத்தை மறுபடியும் 35 ஆக்க வேண்டிவந்தது, அப்போதும் ஐந்து பேர்.

உங்கள் ஜேர்மன்காரர்? போர் வேண்டாம் என்று தொடங்கிய கட்சி, 1999இல் கொசோவோப் போரில் ஜேர்மன் போர் விமானங்கள் இறங்க ஆதரவு கொடுத்தது. வெளிநாட்டு அமைச்சர் பிஷ்ஷரும் உங்கள் கட்சிதான். பீலபெல்ட் மாநாட்டில் அவர் காதில் சிவப்பு மைப் பை வந்து விழுந்தது. குண்டு எப்படி விழும் என்று வன்னியில் உள்ளவனுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

மல்லாவி மைந்தன்:
இந்த இடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று தெரியும். நான் 90களில் வெளிக்கிட்டது உங்களுக்கு இன்னும் சமிக்கவில்லை. அங்கே நிற்கிறவன் மட்டும்தான் கதைக்கலாமா?

குளக்கட்டு:
நான் ஆளைச் சொல்லவில்லை, கட்சியைச் சொன்னேன். தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள்.

நெடுங்கேணியான்:
கட்சி, கட்சி என்கிறீர்கள். தமிழ்த் தேசிய பசுமை இயக்கம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே. ஐங்கரநேசன் மாகாண அமைச்சராக இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதம் என்று அறிவித்தார்கள். எங்கள் பள்ளிக்கூட வேலியோரம் நட்ட வேம்பு இப்போது நிழல் தருகிறது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வரி எழுதவில்லை. ஹோபார்ட்டும் காள்ஸ்றூவும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

குளக்கட்டு:
தெரியாமல் இல்லை. வட மாகாணசபைத் தேர்தலே 2013க்குப் பிறகு நடக்கவில்லை. 2018இல் காலம் முடிந்ததோடு சரி. எதில் நின்று எதை வெல்வது? தஸ்மேனியாவில் விகிதாசார முறை, ஒரு தொகுதிக்கு ஏழு ஆசனம். 12 வீதம் சொச்சம் எடுத்தால் உள்ளே போகலாம். அந்தக் கதவு இருந்தபடியால்தான் சின்னக் கட்சி பிழைத்தது.

பரந்தன் பொடிச்சி:
கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்து நாங்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்ற நேரம், அது குளத்தின் பிழை இல்லை, வாய்க்காலை மறித்துக் கட்டினவர்களின் பிழை என்று இங்கே எழுதியவர் யார்? இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று முதல் ஆளாகக் கத்தியவரும் நீங்கள்தான். இப்போது தஸ்மேனியா ஆற்றுக்கு அழுகிறீர்கள்.

குளக்கட்டு:
கொடுக்கக் கூடாது என்று எழுதவில்லை. சிறுபோகத்துக்கு மிஞ்சினால் கொடுக்கலாம் என்று எழுதினேன். பழைய திரியைத் தோண்டிப் பாருங்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்காகத் தாழையடியில் கடல்தண்ணீரைச் சுத்திகரிக்கத்தானே போனார்கள்? அப்போது யார் சொன்னது சரி?

பேர்ண் பாலன்:
1971 டிசம்பருக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

குளக்கட்டு:
சொல்லியாகிவிட்டது. நகரசபை.

மல்லாவி மைந்தன்:
பரந்தன் தங்கச்சி சொல்வதுதான் சரி. வன்னிக்கு என்று கட்சி தொடங்கினால் கிளிநொச்சிதான் தலைமையிடம்.

நெடுங்கேணியான்:
கிளிநொச்சி எப்போது வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வந்தது? வாக்கு எண்ணுவது யாழ்ப்பாணத்தோடு. வன்னி என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. ஆறு ஆசனம்.

பரந்தன் பொடிச்சி:
அது தேர்தல் திணைக்களத்தின் கணக்கு. எங்கள் குளமும் வயலும் யாழ்ப்பாணம் என்று நீங்கள் சொன்னால், நாளைக்குத் தண்ணீரும் அங்கேதான் என்று சொல்வீர்கள்.

நெடுங்கேணியான்:
நான் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை!

குளக்கட்டு:
சொன்னது போலத்தான் இருக்கிறது. கிளிநொச்சியை வெட்டிவிட்டு வன்னி என்று ஒன்று கிடையாது. ஆனால் தலைமையிடம் கிளிநொச்சி என்பதையும் நான் ஏற்க மாட்டேன். எங்கள் முல்லைத்தீவு முத்தையன்கட்டுக்கு என்ன குறை?