எட்டாம் கிளாஸ் தமிழ் டிவிஷன்: காப்பாத்தணுமா, விட்டுடலாமா?

சித்தூர்ப்புழை:
கேரளா பார்டர்ல, பாலக்காடு மாவட்டத்துல இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடைப் பக்கத்து ஆளுங்க கருத்துச் சொல்லுங்க. எங்க அரசு மேல்நிலைப் பள்ளியில எட்டாம் கிளாஸ் தமிழ் மீடியம் டிவிஷனுக்கு, அதாவது செக்ஷனுக்கு, பிள்ளைங்க ரொம்பக் குறைவு. இங்கிலீஷ் மீடியத்தோட சேர்த்துடலாம்னு பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்துல பாதிப் பேர் சொன்னாங்க. நான் கூடாதுங்கிறேன். ஜூன்ல ஸ்கூல் திறந்து ஆறாவது வேலை நாள்ல எடுக்கிற பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சுத்தான் டிவிஷனும் வாத்தியார் போஸ்ட்டும். எட்டு போனா அடுத்த வருஷம் ஒன்பது, அப்புறம் பத்து. தமிழ்ல கணக்கும் சயன்ஸும் எடுக்கிற டீச்சர் வேற ஊருக்குப் போயிட்டா, திரும்பக் கிடைக்க மாட்டாங்க.

தென்னந்தோப்பு:
சேர்த்துட்டா தமிழ் எங்கீங்க போகுது? இங்கிலீஷ் மீடியத்துலயும் முதல் பாஷையாத் தமிழ் எடுக்கலாம், எஸ்.எஸ்.எல்.சி.யும் எழுதலாம். என் பொண்ணு அப்படித்தான் படிக்கிறா. பிளஸ் ஒன் போனா பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் இங்கிலீஷ்தானே? தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பிள்ளை அங்க முழிக்குது. அந்தக் கஷ்டத்தை எட்டாம் கிளாஸ்லயே பட்டுட்டுப் போகட்டும்.

ஓட்டுக்கட்டடம்:
எல்லாப் பிள்ளைக்கும் உங்க வீடு மாதிரி அமையாதுங்கம்மா. அப்பா அம்மா தோப்பு வேலைக்குப் போறவங்க. வீட்டுல சொல்லிக் கொடுக்க ஆளில்ல, டியூஷனுக்குப் பணமில்ல. அந்தப் பிள்ளைக்கு ஒளிவிலகலைத் தமிழ்ல நடத்தினா கையைத் தூக்கி "ஏன் சார்?"னு கேட்கும். இங்கிலீஷ்ல நடத்தினா போர்டைப் பார்த்து எழுதிக்கும், அவ்வளவுதான். அந்த ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தவன் நான், ரெண்டையும் கண்ணால பார்த்திருக்கேன்.

கட்டடத்தையும் பேசணும். ரோட்டோரம் கட்டின புது மாடியில இங்கிலீஷ், மலையாளம் டிவிஷன். தமிழ் டிவிஷன் மட்டும் கிரவுண்டுக்குப் பின்னாடி பழைய ஓட்டுக் கட்டடத்துல. மழைக்காலத்துல மத்தியானச் சாப்பாட்டுக்கு நனைஞ்சுக்கிட்டே ஓடி வருதுங்க. 2018ல தொடங்கின ஹைடெக் திட்டத்துல கேரளா முழுக்க 45,000 வகுப்பறைக்கு லேப்டாப்பும் புரொஜக்டரும்னு வந்துச்சு. எங்க ஸ்கூல்ல அதுவும் மாடிக்குத்தான் போச்சு. பிள்ளையைச் சேர்க்க வர்றவங்க ரெண்டு கட்டடத்தையும் பார்த்துட்டு எதுல சேர்ப்பாங்க? ஒரு வருஷம் தமிழ் டிவிஷனை மாடிக்குக் கொண்டு போங்க. அப்பவும் ஆள் வரலைன்னா பேசுவோம்.

மீனாட்சிபுரம்கேட்:
தமிழ்ல படிக்கணும்னா பொள்ளாச்சிக்கு பஸ் இருக்கே. இங்க எதுக்கு இத்தனை போராட்டம்?

சித்தூர்ப்புழை:
அண்ணா, ரேஷன் கார்டு இங்க, ஓட்டு இங்க. சித்தூர் கொச்சி ராஜ்யத்துல இருந்தப்பவே இங்க தமிழ்க் குடும்பங்க இருந்துச்சு. பிள்ளை மட்டும் எதுக்கு பார்டர் தாண்டணும்? பிளஸ் ஒன் சேர்க்கையில அதே ஸ்கூல்ல பத்து முடிச்சவங்களுக்கு போனஸ் பாயிண்ட் உண்டு. அங்க போய்ப் படிச்சா அதுவும் போச்சு.

தென்னந்தோப்பு:
கட்டட விஷயம் நியாயம். ஹெட்மாஸ்டர்கிட்ட மனு கொடுக்கப் போனா நானும் கையெழுத்துப் போட்டுக் கூட வர்றேன். ஆனா என் சின்னவனைத் தமிழ் மீடியத்துல போட மாட்டேன். போஸ்ட்டைக் காப்பாத்தறதுக்காக அவன் படிப்பை வச்சுப் பார்க்க முடியாதுங்க.

ஓட்டுக்கட்டடம்:
உங்க பையனைக் கேட்கலைங்கம்மா. யூ.பி. ஸ்கூல்ல, அதாவது நடுநிலைப் பள்ளியில, ஏழாவது வரைக்கும் தமிழ்லயே படிச்ச பிள்ளைங்களைத்தான் கேட்கிறேன். டி.சி. வாங்குறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசணும். பிளஸ் ஒன் பத்தி நீங்க சொன்ன பயம் அவங்களுக்கும் இருக்கும். சயன்ஸ் வார்த்தைகளை எட்டுல இருந்தே ரெண்டு மொழியிலயும் போர்டுல எழுதிப் போடச் சொல்லி டீச்சருங்களைக் கேட்போம். சனிக்கிழமை நான் வண்ணாமடைப் பக்கம் போறேன். கூட யார் வர்றீங்க?