ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது: சென்சார்தானா?

வைகைக்கரை:
வணக்கம். பெட்ரோல் கார், 90,000 கிலோமீட்டர் ஓடியது. தேனியிலிருந்து மதுரை வந்து சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் ஐடிலிங்கில் நின்றால் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் அணைகிறது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருவதில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டை ஒட்டியே நிற்கிறது. "சென்சார்தான், மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். அடுத்த வாரம் அம்மாவோடு கொடைக்கானல் ஏற வேண்டும். மாற்றினால் போதுமா?

மலைப்பாதை:
எனக்கும் இதே தொல்லை இருந்தது, சென்சார் மாற்றியதும் போய்விட்டது. விலையும் குறைவு. மாற்றிப் பாருங்கள்.

பட்டறை அண்ணன்:
தம்பி, முதலில் ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், அப்புறம் மாற்றலாம். ஆயில் சூடானால் இளகும், ஐடிலிங்கில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். பிரஷர் மிகக் குறையும் நேரம் அதுதான். மெக்கானிக் சென்சார் என்று சொல்கிற ஆயில் பிரஷர் சுவிட்ச் கெட்டாலும் அப்போதுதான் மினுக்கும், எஞ்சின் பேரிங் தேய்ந்தாலும் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஸ்டிரெய்னர் என்கிற வடிகட்டி வலை அடைத்தாலும் அப்போதுதான் மினுக்கும். விளக்கை மட்டும் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றை ஒயர் சுவிட்ச் என்றால், பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) கீழே போனால் விளக்கை எரியவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜை (பிரஷரை முள்ளில் காட்டும் அளவுமானி) மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் 1 பார் அளவிலும், 2,500 ஆர்பிஎம்மில் 3 பாருக்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை; சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடும் ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் சம்ப்பைத் திறந்தே ஆக வேண்டும். ஓட்டும்போது விளக்கு அணையாமல் எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு மலையில் சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை இது.

வைகைக்கரை:
நன்றி அண்ணா. கேஜ் வைத்துப் பார்த்தாயிற்று: சூட்டில் ஐடிலிங் 1.2, 2,500-இல் 3.6 பார். சுவிட்சின் கனெக்டருக்குள் ஆயில் கசிந்திருந்தது.

பட்டறை அண்ணன்:
அப்படியானால் சுவிட்ச்தான், தைரியமாக மாற்றுங்கள். கனெக்டரைத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்ற விடாதீர்கள். ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பது அந்த மரை வழியாகத்தான். மாட்டிய பிறகு சாவியைத் திருப்பினால் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். மலை ஏறுவதற்கு முன் ஒருமுறை சூடாக ஓட்டி, சுவிட்சைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.