அன்டார்டிகா பக்கம் கடல் சூடே ஏறலையே, என் ப்ரோகிராம் கோட்ல தப்பா?

நெய்தல்23:
எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு 1982ல இருந்து 2011 வரைக்கும் சேட்டிலைட் கடல் மேற்பரப்பு வெப்பநிலை டேட்டா எடுத்து டிரெண்ட் மேப் (எங்க சூடேறிட்டு வருது, எங்க குளிர்ந்துட்டு வருதுன்னு காட்டறது) போட்டேன். ஆர்க்டிக் பக்கம், நார்வே-ரஷ்யாவுக்கு வடக்க இருக்கற பேரன்ட்ஸ் கடல்லாம் நல்லா செவப்பா வருது, ஆனா தெக்க 55 டிகிரி அட்சரேகை தாண்டினா நீலம், அதாவது குளிர்ந்துட்டே வருதாம். அன்டார்டிகாவைச் சுத்தி இருக்கற தென்பெருங்கடல்தான் வெப்பத்தை ரொம்ப உறிஞ்சுதுன்னு படிச்சிருக்கேன், அப்புறம் இது எப்படி? ப்ளஸ் மைனஸ் மாத்திட்டேனோன்னு ரெண்டு நாளா தேடறேன், வெள்ளிக்கிழமை கைடுகிட்ட காட்டணும், யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

உப்புக்காத்து:
தம்பி, ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தா ஆர்க்டிக்கும் நீலமாத்தானே வந்திருக்கணும்? அது இல்ல. ஐஸ் மூடின பிக்சலை மட்டும் மாஸ்க் பண்ணிட்டியான்னு, அதாவது கணக்குல இருந்து நீக்கிட்டியான்னு பாரு, கடல்தண்ணி உறையறது மைனஸ் 1.8ல, ஐஸுக்கு அடியில அந்த நம்பரே திரும்பத் திரும்ப வந்து டிரெண்டைக் கெடுக்கும்.

நெய்தல்23:
மாஸ்க் பண்ணியாச்சுண்ணா, அப்பவும் நீலந்தான்.

ஆழ்கடல்_அக்கா:
உன் மேப் சரிதான்ப்பா, பயப்படாத. அங்க மேற்குக் காத்து ஓயாம அடிக்கும், பூமி சுத்தறதால அது மேல்தண்ணிய வடக்கால தள்ளும், அந்த எடத்தை நிரப்ப அடியில இருந்து தண்ணி ஏறி வரும். அது பல நூறு வருஷமா வெளிக்காத்தையே பாக்காத தண்ணி, நாம விட்ட கார்பனோட சூடு அதுக்குத் தெரியாது, அதான் சில்லுன்னு வந்து காத்துல இருக்கற வெப்பத்தை வாங்கும், ஆனா தான் சூடாகறதுக்குள்ள வடக்க தள்ளப்பட்டு 45 டிகிரி தெற்கு அட்சரேகை வாக்குல போய் உள்ள அமுங்கிடும். லாரி வந்து நிக்கறது கடை வாசல்ல, மூட்டை அடுக்கறது பின்னாடி குடோன்ல. வாசல்ல மூட்டை இல்லைங்கறதால சரக்கே வரலைன்னு ஆயிடுமா? குடோனை, அதாவது அமுங்கின தண்ணியோட சூட்டைப் பாக்க ஆர்கோ மிதவை (கடல்ல தானா முங்கி எழுந்து அளக்கற கருவி) டேட்டா எடு, பத்து நாளைக்கு ஒருதடவை 2000 மீட்டர்ல இருந்து மேல வரைக்கும் அளக்கும், 2005க்கு அப்புறம் கவரேஜ் நல்லாருக்கும்.

நெய்தல்23:
அக்கா ரொம்ப நன்றி!! இன்னொண்ணு, ஈஆர்ஏ5ல (ஐரோப்பிய வானிலை மையத்தோட பழைய வானிலை டேட்டா தொகுப்பு) மணிக்கணக்கு ஹீட் ஃப்ளக்ஸ் (கடலுக்கும் காத்துக்கும் நடுவுல போற வர்ற வெப்பம்) எடுத்தா நம்பர் லட்சக்கணக்குல வருதே?

உப்புக்காத்து:
அது ஒரு மணி நேரத்துக்கு சேர்த்த ஜூல், 3600ஆல வகுத்தா சதுர மீட்டருக்கு வாட் வந்துடும். கீழ்நோக்கிப் போறதுதான் அதுல ப்ளஸ், அதையும் மறந்துடாத.

ஆழ்கடல்_அக்கா:
ஆர்க்டிக் கதை வேற, ரெண்டையும் ஒரே பத்தியில எழுதிடாத. அங்க பனி மூடின ஐஸ் வெயில்ல பெரும்பகுதியத் திருப்பி அனுப்பும், ஐஸ் போயிட்டா கருநீலத் தண்ணி பத்துல ஒன்பது பங்குக்கு மேல குடிச்சுடும், போதாததுக்கு பேரன்ட்ஸ் வழியா அட்லான்டிக் வெதுவெதுப்பும் உள்ள வருது. இன்னொண்ணு, 2011ல நிறுத்தாத தயவுசெஞ்சு. 2016ல இருந்தே அன்டார்டிக் கடல் ஐஸ் சரிஞ்சு 2023 பிப்ரவரில அதுவரைக்கும் இல்லாத அளவுக்குக் குறைஞ்சுது, அதை விட்டுட்டு மேப் போட்டா பாக்கறவங்க தெக்க எல்லாம் நல்லாருக்குன்னு நினைச்சுடுவாங்க.

நெய்தல்23:
அப்டேட்: 40ல இருந்து 50 டிகிரி தெற்கு, 2000 மீட்டர் வரைக்கும் ஹீட் கன்டென்ட், அதாவது தண்ணிக்குள்ள சேர்ந்திருக்கற வெப்பம் எப்படி மாறுதுன்னு மேப் போட்டேன் அக்கா, பெரும்பாலும் செவப்பு. பழைய நீல மேப்பையும் பக்கத்துலயே வச்சு வெள்ளிக்கிழமை காட்டறேன், இப்ப 2023 வரைக்கும் டேட்டா இறங்கிட்டு இருக்கு.