.50 சக்கிமுக்கித் துப்பாக்கி: மான் வேட்டைக்கு எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து?

லங்காஸ்டர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமசுக்குப் பிறகு தொடங்கி ஜனவரி வரை நீளும் சக்கிமுக்கித் துப்பாக்கிப் பருவத்தில் இந்த ஆண்டு முதன்முறையாக வெண்வால் மான் வேட்டைக்குச் செல்ல உரிமம் எடுத்திருக்கிறேன். இதற்காக .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) கொண்ட, குழலின் உட்புற வரிகள் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில் அமைந்த பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். விற்றவர், மான் என்றால் 110 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு எடையலகு) மருந்துக்குக் குறையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே .490 அங்குல ஈய உருண்டையை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, 110 கிரெயின் எஃப்.எஃப்.எஃப்.ஜி (நுண்ணிய மணி கொண்ட வகை) கரிமருந்துடன் சுட்டுப் பார்த்தேன். 50 கஜத் தொலைவில் ஐந்து குண்டுகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறின. தோள்பட்டை இரண்டு நாள் வலித்ததுதான் மிச்சம். உருண்டைக் குண்டை விட்டுவிட்டு நீண்ட கூம்புக் குண்டுக்கு மாற வேண்டுமா, மருந்தைக் குறைக்க வேண்டுமா, அல்லது துப்பாக்கியிலேயே குறையா? மேலும், கரிமருந்து பக்கத்துக் கடைகளில் கிடைப்பது அரிதாக இருப்பதால், அதற்கு மாற்றாக விற்கப்படும் மருந்துகளைச் சக்கிமுக்கியில் பயன்படுத்தலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழையகுழல் எழுதியது:

வணக்கம் தம்பி. துப்பாக்கியைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை சுட்டதும் குழல்வாயிலிருந்து பத்துப் பதினைந்து கஜத்துக்குள் தரையைத் தேடினால் குண்டைச் சுற்றியிருந்த துணி கிடைக்கும். அதன் நடுவில் கரி படிந்து, ஓரம் சற்று நைந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். நடுவில் ஓட்டை விழுந்து எரிந்திருந்தாலோ, நார் நாராகக் கிழிந்திருந்தாலோ, நீங்கள் எவ்வளவு கவனமாகக் குறிபார்த்தாலும் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது. 110 கிரெயினுக்கும் மெல்லிய துணிக்கும் உங்களுக்கு இரண்டாவது வகைதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் இதுதான். ஈய உருண்டை குழலின் வரிகளை நேரடியாகத் தொடுவதில்லை. வரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றுவது அந்தத் துணியே. 60 முதல் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாக முறுக்கிய குழல்கள், உருண்டைக்கென்றே ஆழமான வரிகளுடன் செய்யப்பட்டவை. உங்களுடைய 48 அங்குல முறுக்கு, உருண்டைக்கும் கூம்புக் குண்டுக்கும் ஒருசேரப் பயன்படட்டும் என்று தொழிற்சாலைகள் கண்ட சமரசம். அத்தகைய குழல்கள் பலவற்றில் வரிகள் ஆழம் குறைந்தவை. அங்கே மிகையான மருந்து தள்ளும்போது துணி பிடியை இழந்து, குண்டு சுழலாமலேயே வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே துணியை 0.015 அங்குலத்துக்குக் குறையாத, நெருக்கமாக நெய்த மெத்தையுறைத் துணியாக மாற்றுங்கள். அதில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகைத் தடவுங்கள். மருந்தை 60 கிரெயினிலிருந்து தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று குண்டுகள் சுட்டு, தாளில் எந்த அளவுக்குக் குண்டுகள் ஒன்றுகூடுகின்றன என்று பாருங்கள். .50 குழலில் உருண்டைக்குப் பெரும்பாலும் 70க்கும் 90க்கும் இடையில் எங்கேயோ அந்த இடம் இருக்கும். துப்பாக்கியைச் செய்தவர்கள் அச்சிட்ட உச்ச அளவை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள்.

மருந்தைக் கூட்டினால் மானுக்குக் கூடுதல் வலிமையோடு குண்டு போய்ச் சேரும் என்பது பாதி உண்மைதான். .490 உருண்டையின் எடை ஏறத்தாழ 177 கிரெயின். நொடிக்கு 1800 அடி வேகத்தில் கிளம்பினாலும் 100 கஜத்தைத் தொடும்போது வேகம் 1100 அடியை ஒட்டி இறங்கிவிடும், ஆற்றலோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் எஞ்சும். உருண்டை காற்றைக் கிழிக்கும் வடிவமன்று. எவ்வளவு வேகமாக அனுப்புகிறோமோ அவ்வளவு வேகமாக அது தளரும். எனவே 30 கிரெயின் கூட்டி நீங்கள் வாங்கும் வேகத்தில் பெரும்பகுதி வழியிலேயே செலவாகி, தோள் வலியும் புகையும் மட்டும் முழுதாக உங்களிடம் தங்குகின்றன. கூடுதல் தாக்கம் வேண்டுமென்றால் வழி வேறு: 230 கிரெயினை நெருங்கும் உருண்டையை ஏற்கும் .54 குழலுக்கு மாற வேண்டும், அல்லது மானை நெருங்க வேண்டும். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக .50 உருண்டையை வைத்துக்கொண்டு 75 கஜத்துக்கு அப்பால் சுட்டதில்லை, இங்குள்ள மலைக்காட்டில் அதற்குத் தேவையும் வந்ததில்லை.

கடைசிக் கேள்விக்கு: அடிபட்டால் தீப்பொறி கக்கும் சிறு மூடியோ ப்ரைமரோ வைத்த துப்பாக்கிகளுக்கென்று உருவான மாற்று மருந்துகள் தீப்பற்றக் கரிமருந்தைவிடக் கூடுதல் வெப்பம் கேட்பவை. சக்கிமுக்கிப் பொறியை நம்பி அவற்றைக் கெட்டித்தால், சொடுக்கு விழும், பொறி விழும் வெளிக்கிண்ணத்தில் தீ மின்னும், குண்டு மட்டும் புறப்படாது. உண்மையான கரிமருந்தை வாங்குங்கள். கடையில் இல்லாவிட்டால், கூட்டாக ஆர்டர் செய்யும் துப்பாக்கிக் கழகங்கள் உங்கள் மாவட்டத்தில் நிச்சயம் இருக்கும். புகையில்லா மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அது ஒரு சிட்டிகையும் இந்தக் குழலுக்குள் போகக் கூடாது, குழல் வெடிக்கும்.

ஊரில் நாட்டுத்துப்பாக்கிக்கு உள்ளங்கையில் மருந்தைக் கொட்டி, கண்ணளவில் கெட்டித்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தை மட்டும் விமானம் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மருந்தை, அது சேமித்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து அளவுக்குழலில் ஊற்றி, அங்கிருந்துதான் குழலுக்குள் ஊற்ற வேண்டும். முந்தைய வேட்டின் கங்கு உள்ளே எஞ்சியிருந்தால், கையில் பிடித்த கொம்பு முழுவதும் வெடிக்கக்கூடும்.

ஓசார்க்தமிழன் எழுதியது:

ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனாலும் கூம்புக் குண்டை அவர் பேசாமலே கடந்துவிட்டார் என்பதால் எழுதுகிறேன். நான் மிசௌரியில் ப்ரைமர் வைத்த இன்லைன் துப்பாக்கியால் (குழலுக்கு நேர் பின்னாலிருந்து தீ பாயும் புதுவகை) வேட்டையாடுகிறேன். அதன் முறுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த 250 கிரெயின் குண்டை 100 கிரெயின் அளவு மருந்தில் 150 கஜம் வரை நம்பிச் சுடுகிறேன். 150 கிரெயின் என்று பெட்டிகளில் பெரிதாக அச்சிடும் உச்சக் கணக்கை நானும் முயன்று பார்த்துக் கைவிட்டேன், என் குழலில் அது குண்டுகளைப் பரப்பியதே தவிர வேறு பயன் தரவில்லை.

கேட்டவரின் 48 அங்குலக் குழலில் உறைக்குண்டுகள் சரிவர நிலைபெறாமல் போகலாம். ஆனால் 370 கிரெயின் அளவிலான மசகிட்ட ஈயக் கூம்புக் குண்டு அதில் நன்றாகவே பறக்கும். உருண்டையைவிட இருமடங்கு எடை இருப்பதால் வேகத்தை மெதுவாகவே இழந்து, எலும்பையும் துளைத்துச் செல்லும். தீங்கு என்னவென்றால் உதைப்பு அதிகம், பாதை கூடுதலாக வளையும், மேலும் துணிப்பிடி இல்லாததால் துப்பாக்கியை வாய் கீழாகத் தூக்கி நடக்கும்போது குண்டு முன்னோக்கி நகரக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழுந்த நிலையில் சுட்டால் குழல் அந்த இடத்தில் புடைத்துவிடும். கெட்டிக்கும் கோலில், குண்டு மருந்தின் மேல் சரியாக அமர்ந்திருக்கும்போது குழல்வாய்க்கு நேராக வரும் இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, காட்டில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். இருமுறை மருந்து கெட்டிப்பதையும் மருந்தே இல்லாமல் குண்டை இறக்கிவிடுவதையும் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.

மினசோட்டா_மீனா எழுதியது:

இறைச்சி பற்றியும் ஒரு சொல். 2008-இல் இங்குள்ள இயற்கைவளத் துறை, செம்மறி ஆட்டு உடல்களில் பலவகைக் குண்டுகளைச் சுட்டு ஈயச் சிதறலை ஆராய்ந்தது. வேகமான ரைபிள் குண்டுகளில் மென்முனை வகைகள் காயத்திலிருந்து வெகுதூரம் வரை நுண்துகள்களைப் பரப்பியிருந்தன. மெதுவாகச் செல்லும் கனத்த ஈயம் துகள்களாக நொறுங்குவதைவிடத் தட்டையாக விரிவதே வழக்கம் என்பதால், அளவான மருந்து இறைச்சிக்கும் நல்லது. அப்படியிருந்தும், எங்கள் வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவதால் காயத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிந்துவிடுகிறேன். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது, அங்கே செல்பவர்கள் செம்புக் குண்டுகளுக்கேற்ற குழலைத்தான் தேட வேண்டும்.

லங்காஸ்டர்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழையகுழல் ஐயா சொன்னபடி பழைய இடத்துக்கே சென்று தேடியதில், சென்ற வாரத்துத் துணிகள் மூன்று கிடைத்தன. மூன்றிலும் நடுவில் நாணயம் அளவு ஓட்டை. தடித்த துணிக்கு மாறி 60 முதல் 85 வரை சுட்டேன். 70 கிரெயினில் மூன்று குண்டுகளும் 50 கஜத்தில் மூன்று விரற்கடைக்குள் நின்றன. 80-இல் மீண்டும் விரியத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வேட்டுக்கும் நடுவே ஈரத்துணியால் குழலை ஒருமுறை துடைத்தபோதுதான் இந்த ஒற்றுமை வந்தது, துடைக்காமல் சுட்டபோது நான்காவது உருண்டையை இறக்கவே போராட வேண்டியிருந்தது. இரண்டு ஐயங்கள் மிச்சம். 50 கஜத்தில் குறி சரிசெய்துவிட்டால் 75-இல் எவ்வளவு தாழ்த்தி விழும்? கெட்டித்த துப்பாக்கியோடு பனியில் நாள் முழுதும் அலைந்தால் மருந்து ஈரமாகிவிடாதா?

பழையகுழல் எழுதியது:

75 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், 100-இல் நான்கு அங்குலம் அளவில் தாழும். 75 வரை முன்னங்காலுக்குப் பின்னே நேராகவே குறிவையுங்கள், ஏற்றிப் பிடிக்க வேண்டாம்.

ஈரத்தைப் பொறுத்தவரை, குழலுக்குள் இறுகியிருக்கும் மருந்தைவிட வெளியே கிண்ணத்தில் இருக்கும் பற்றுவாய் மருந்துதான் முதலில் கெடும். ஒரு மணிக்கு ஒருமுறை அதைத் தட்டிவிட்டு, துடைத்து, இன்னும் நுண்ணிய எஃப்.எஃப்.எஃப்.எஃப்.ஜி மருந்தைப் புதிதாக இடுங்கள். மூன்று நான்கு கிரெயின் போதும். கிண்ணத்தை நிரப்பிப் பற்றுவாய்த் துளையை மூடிவிட்டால், தீ பாய்வதற்குப் பதிலாகத் திரிபோல ஊர்ந்து செல்லும், அந்த இடைவெளியில் மான் நகர்ந்திருக்கும், உங்கள் கையும் ஆடியிருக்கும். பனியிலிருந்து திரும்பியதும் கெட்டித்த துப்பாக்கியைக் கணப்பறைக்குள் கொண்டுவராதீர்கள், குளிர்ந்த குழலுக்குள் நீர் வேர்த்து மருந்தைக் கெடுத்துவிடும். மாலையில் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டு, வெந்நீரால் அன்றைக்கே கழுவி எண்ணெய் பூசுங்கள். கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓர் இரவு விட்டாலே குழலுக்குள் துரு பிடிக்கத் தொடங்கும்.

சுட்டதும் புகையில் ஒன்றும் தெரியாது. சுடுவதற்கு முன்பே மான் நின்ற இடத்துக்குப் பக்கத்து மரம் ஒன்றை மனத்தில் குறித்துக்கொண்டு, மறுபடி கெட்டித்து, அரை மணி கழித்து அந்த மரத்தடிக்குப் போங்கள்.