சப்வூஃபருக்கு ஸ்பைக் கால்: திருகு பாதியிலேயே இறுகி நிற்கிறது, உதவி தேவை

மூன்றாம்மாடி:
வணக்கம். என் சப்வூஃபரின் (பாஸ் ஒலிக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) ரப்பர் கால்களைக் கழற்றிவிட்டு, இணையத்தில் வாங்கிய கூர்முனை கொண்ட ஸ்பைக் கால்களைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். நான்கு துளைகளிலும் ஸ்பைக் இரண்டு சுற்று போனதும் இறுகி நின்றுவிடுகிறது. குறடு வைத்துத் திருகலாமா, அல்லது பக்கத்தில் புதிதாகத் துளை போட்டுவிடலாமா? மாலையில் விருந்தினர் வருகிறார்கள், விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை_பட்டறை:
நண்பரே, குறடை இப்போதைக்குக் கீழே வையுங்கள். பெட்டி எந்த ஊர்த் தயாரிப்பு, ஸ்பைக்கின் அளவு என்ன, தரை எப்படிப்பட்டது, ஒலி எழுப்பும் கூம்பு முன்னால் பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று எதுவுமே எழுதவில்லையே. கீழ்நோக்கிய வகையாக இருந்தால் காலின் உயரத்தை மாற்றுவதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். கூம்புக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பார்த்துத்தான் அந்தக் காலை வைத்திருப்பார்கள்.

பாஸ்_பிரியன்:
ஸ்பைக் வைப்பது நல்ல முடிவு. பெட்டி தரையை இறுகப் பற்றிக்கொண்டால், கூம்பு முன்னால் உதைக்கும்போது பெட்டி பின்வாங்காது. என் வீட்டில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) நாதம் தனித்துக் கேட்கத் தொடங்கியதே ஸ்பைக் வைத்த பிறகுதான். இறுக்கமாக இருந்தால் துளி எண்ணெய் விட்டுத் திருகிப் பாருங்கள்.

தாழ்சுருதி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டு வந்திருந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சியிருக்கும். எண்ணெய் விடச் சொல்பவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கடையில் கிடைக்கும் ஸ்பைக் பெரும்பாலும் எம் 6, அதாவது 6 மி.மீ மெட்ரிக் திருகு. அதன் மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ. அமெரிக்கப் பெட்டிகளில் பதித்திருப்பது பெரும்பாலும் கால் அங்குல (1/4) மரை, அங்குலத்துக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27 மி.மீ. இரண்டு சுற்றிலேயே அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும், அதனால்தான் இறுகுகிறது. பலவந்தமாகத் திருப்பினால் மரை அழியும். இல்லையென்றால் பதித்த உலோகக் குழலே பலகையிலிருந்து விடுபட்டு, திருகோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். பட்டறை வாசலை மிதித்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது.

கோவை_பட்டறை:
சொன்ன விதத்தை விடுங்கள், காரணம் அதுவாகவே இருக்க வேண்டும். வீட்டிலேயே சரிபார்க்கலாம். கழற்றிய ரப்பர் காலின் திருகையும் ஸ்பைக்கின் திருகையும் பக்கவாட்டில் ஒட்ட வைத்து, பல்லோடு பல் கோத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடைவெளி வேறென்றால் மூன்றாவது நான்காவது பல்லிலேயே நடுவில் வெளிச்சம் தெரியும். கேமரா முக்காலி இருந்தால் இன்னும் எளிது. அதன் தலையிலுள்ள திருகும் கால் அங்குலம், 20 மரைதான். அது விரலாலேயே இரண்டு சுற்றைத் தாண்டிப் போனால் சந்தேகம் தீர்ந்தது. முக்காலி இல்லையென்றால், ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் விட்வொர்த் (பிரிட்டிஷ் மரை வகை) போல்ட் கொடுப்பார்கள். அதன் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரைக்கு 60 என்றாலும், இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 மரை என்பதால் இந்த வேலைக்குத் தடையில்லாமல் சேரும்.

புதிய துளை மட்டும் வேண்டாம். எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டால் மூடிய பெட்டியில் காற்று கசியும், மரத்தூள் முழுவதும் உள்ளே விழும். அது கூம்புக்குப் பின்னாலுள்ள காந்த இடுக்கில் புகுந்தால் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் உரசும்.

மூன்றாம்மாடி:
விவரங்கள்: 10 அங்குலம், கூம்பு முன்னால், மூடிய பெட்டி, எடை 15 கிலோ, அமெரிக்க நிறுவனத்துடையது. ஸ்பைக் உறையில் எம் 6 என்று போட்டிருக்கிறது. தரை விட்ரிஃபைடு டைல்ஸ். கீழ் வீட்டுக்காரர் கூரை அதிர்கிறது என்கிறார், அதற்காகத்தான் ஸ்பைக் வாங்கினேன்.

ஒலிமேடை:
கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் பேச்சே வேறு திசையில் போயிருக்கும். கீழ் வீட்டுக்கு அதிர்வு போகக் கூடாது என்றால் ஸ்பைக் அதற்கான கருவி அல்ல. அது பெட்டியையும் தரையையும் விறைப்பாக இணைப்பதால், பெட்டியின் அதிர்வு அப்படியே தளத்தில் இறங்கும். உங்களுக்கு வேண்டியது மென்மையான கால். பெட்டியின் எடையால் அந்த மென்மையான கால் 1 மி.மீ அமுங்கினால், அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் (தானாக ஆடும் வேகம்) ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ், அதைப்போல 1.4 மடங்குக்கு மேல், அதாவது சுமார் 22 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகே தரைக்குப் போகும் விசை குறையத் தொடங்கும். 40 ஹெர்ட்ஸில் கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கும். அசையும்போது ரப்பர் கூடுதலாக விறைத்துக்கொள்வதால் நடைமுறையில் பலன் அதைவிடச் சற்றுக் குறைவு. காற்றின் வழியாகத் தளத்தைத் தாக்கும் ஒலியை எந்தக் காலும் நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாஸ்_பிரியன்:
மென்மையான காலில் பெட்டி ஆடும், ஆடினால் பாஸ் குழையும். அண்டை வீட்டாருக்காக ஒலியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்.

ஒலிமேடை:
எவ்வளவு ஆடும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம், ஐயா. 10 அங்குலக் கூம்பும் சுருளும் சேர்ந்து சுமார் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோ பெட்டி அதைப்போல நூறு மடங்கு கனம். கூம்பு 10 மி.மீ நகரும்போது பெட்டி எந்தப் பிடிப்பும் இல்லாமல் மிதந்தாலும் 0.1 மி.மீதான் பின்வாங்கும், ஒலியில் நூறில் ஒரு பங்கு வேறுபாடு காதுக்கு எட்டாது. கீழே வெற்றிடம் உள்ள மரத்தளத்தில் தளமே சேர்ந்து பாடும் என்பதால் காலின் தேர்வு கேட்கும் அளவுக்கு வேறுபாடு தரலாம். கான்கிரீட் தளத்தில் அந்த வாதம் நிற்காது.

தாழ்சுருதி:
இருவரும் அறையை மறந்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 4.5 மீட்டர் நீள அறையில் 38 ஹெர்ட்ஸ் அருகே நிலையலை (சுவர்களுக்கிடையே எதிரொலித்து வலுக்கும் அலை) எழும். பெட்டி மூலையில் இருந்தால் அது உச்சத்துக்குப் போகும். பெட்டியை மூலையிலிருந்து தள்ளிவைத்து, ஒலியளவையும் குறைத்துப் பார்க்கட்டும். இதற்குக் காசு செலவில்லை.

பாஸ்_பிரியன்:
தொப்பி நாதம் மாறியதை என் காதால் கேட்டேன். கணக்கு என்ன சொன்னாலும் அதை என்னால் மறுக்க முடியாது.

கோவை_பட்டறை:
டைல்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. 15 கிலோவை நான்கு கூர்முனைகள் தாங்கினால் முனைக்கு ஏறக்குறைய 4 கிலோ. முனையின் பரப்பு ஒரு சதுர மி.மீகூட இராது. பெட்டியை ஒரு முறை இழுத்தால் டைல்ஸின் பளபளப்பில் கீறல் விழும், மறையாது. பின்னாளில் ஸ்பைக் வைப்பதாக இருந்தாலும், ஒவ்வொன்றின் கீழும் குழிவான உலோகத் தட்டு வைத்து, நான்கும் தரையைத் தொடும்படி உயரத்தைச் சரிசெய்து, அதன்பின் லாக் நட்டை (திருகு நகராமல் பிடிக்கும் நட்) இறுக்குங்கள். வேலை முடியும்வரை பெட்டியைத் தூக்கி வைக்க இருவர் வேண்டும்.

மூன்றாம்மாடி:
முக்காலித் திருகு நான்கு துளைகளிலும் விரலாலேயே போனது. ஸ்பைக்கைத் திருப்பி அனுப்புகிறேன். பழைய ரப்பர் கால்களையே மாட்டி, பெட்டியை மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்திருக்கிறேன். விருந்தினர் வந்துவிட்டார்கள், எல்லோருக்கும் நன்றி.

ஒலிமேடை:
அந்தப் பழைய கால்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத அளவுக்குக் கெட்டியாக இருந்தால் அவையும் ஏறக்குறைய ஸ்பைக்கைப் போலவே அதிர்வைக் கடத்தும். 15 கிலோவுக்கு ஏற்ற மென்மையான கால்களைக் கால் அங்குல மரையோடு கேட்டு வாங்குங்கள். கீழ் வீட்டுக்காரர் இப்போது என்ன சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள்.