காது ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கேள்வி: பெரியபட்டினம் தம்பி

எனக்கு 34 வயது. சங்கு குளிக்கப் போகிறவன். நாலு மாதத்துக்கு முன்னால் சளியோடு கடலில் இறங்கினேன். பாதி ஆழத்திலேயே இடது காதில் குத்து வலி. கூட வந்தவர்கள் கீழே போய்விட்டார்கள் என்று நானும் விடாமல் இறங்கினேன். திடீரென்று வலி நின்றுவிட்டது. அடுத்த நொடி தலை சுற்றி, மேலே எது கீழே எது என்றே தெரியவில்லை. எப்படியோ வந்து வள்ளத்தைப் பிடித்தேன். அன்றிலிருந்து அந்தக் காது மந்தம், அடிக்கடி வடிகிறது. பாங்கு கேட்கிறது, எந்தப் பக்கத்துப் பள்ளி என்று தெரியவில்லை. ஜவ்வில் ஓட்டை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். செய்தால் பழையபடி கேட்குமா? திரும்பக் குளிக்கப் போகலாமா?

பதில்: சின்னப்பாலம் அக்கா

தம்பி, "வலி நின்றுவிட்டது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜவ்வு கிழிகிற நேரம் அதுதான். கிழிசல் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போவதால்தான் அப்படித் தலை சுற்றுகிறது. நான் 16 வயதிலிருந்து கடல்பாசி எடுக்கப் போனவள், இப்போது 46. எனக்கும் இடது காதுதான். சங்கு எடுக்கும் ஆழம்கூட இல்லை, இரண்டு ஆள் ஆழத்தில் மரிக்கொழுந்துப் பாசி பறித்துக்கொண்டிருந்தேன். மூக்கிலிருந்து காதுக்குப் போகிற குழாய் சளியால் அடைத்திருந்தால் அந்த ஆழமே போதும்.

அதற்கப்புறம் நான் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றினேன். ஊர்ப்பக்கம் ஒரு கிளினிக்கில் காதுக்குள் பார்க்காமலே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். காதில் பூஞ்சை பிடித்து, இரவெல்லாம் அரிப்பு. தயவுசெய்து எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். சின்னக் கிழிசலாக இருந்தால், ஈரம் படாமல் வைத்திருந்தாலே சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். உங்களுக்கு நாலு மாதம் ஆகியும் வடிகிறது என்றால் டாக்டர் சொல்வது சரிதான்.

மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் தட்டினால் ரீங்கரிக்கிற ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார்கள். எந்தக் காதில் கேட்கிறது என்றார்கள். கெட்ட காதில்தான் பெரிதாகக் கேட்டது! நான் தப்பாகச் சொல்கிறேனோ என்று பயந்து, நல்ல காதைக் காட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். உண்மையைச் சொன்னதும் டாக்டர் முகம் தெளிந்தது. அப்படிக் கேட்டால் பழுது ஜவ்வுப் பக்கம், உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது என்று விளக்கினார். உங்களுக்கும் இதைச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். பழையபடி கேட்குமா என்பது அதைப் பொறுத்துத்தான்.

முதலில் வடிதலை நிறுத்திக் காதைக் காயவைத்தார்கள். பிறகு காதுக்கு மேலே முடியை மழித்து, அங்கே தசையை மூடியிருக்கிற மெல்லிய சவ்வில் ஒரு துண்டு எடுத்து ஓட்டையில் ஒட்டினார்கள். அதன் பிறகுதான் கஷ்டம். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குடம் தூக்கக் கூடாது. குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி அடைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வைத்த பஞ்சு மாதிரியான மருந்து கரைகிறவரை காது முன்பைவிட அடைப்பாக இருந்தது. ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று அழுதிருக்கிறேன்.

ஆறாவது வாரம் வாக்கில், காய்ந்த பாசியில் இருந்து கிளிஞ்சலைப் பொறுக்கி இடது பக்கம் இருந்த டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். டிக், டிக் என்று கேட்டது. வலது காதைப் பொத்திக்கொண்டு இன்னொன்றைப் போட்டேன். அதுவும் கேட்டது. மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் 48 டெசிபலில் இருந்தது 28-க்கு வந்திருந்தது. 25-க்குள் இருந்தால் சரியான காது என்பார்கள். கூட்டத்தில் யாராவது மெதுவாகப் பேசினால் இன்னும் தடுமாறுவேன்.

பதில்: பாம்பன் பெரியவர்

தம்பி, என் காது வேறு மாதிரி. 30 வருடம் லாஞ்சில் எஞ்சின் பக்கத்தில் நின்றவன். நரம்பு தேய்ந்துவிட்டது, ராத்திரியில் இரைச்சல் வேறு. இதற்கு ஆபரேஷன் கிடையாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மெஷின் இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் வாரம் தட்டு வைக்கிற சத்தமே தலையில் அடித்த மாதிரி இருந்தது, கழற்றி எறிந்துவிட்டேன். மகள்தான் தினமும் கொஞ்ச நேரமாவது போடுங்கள் என்று பழக்கினாள். ஒன்று சொல்கிறேன், எல்லோருக்குமே. காலையில் எழுந்ததும் ஒரு காது சட்டென்று கேட்காமல் போனால் அழுக்கு என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நரம்பாக இருந்தால் நாள் போகப் போக மருந்து பிடிக்காது.

பெரியபட்டினம் தம்பி

ரொம்ப நன்றி அக்கா, ஐயா. அந்தக் கவை டெஸ்ட் எனக்குச் செய்யவில்லை. அக்கா, நீங்கள் திரும்ப இறங்கினீர்களா? எனக்கு வேறு தொழில் தெரியாது.

சின்னப்பாலம் அக்கா

இல்லை தம்பி. ஒட்டினது பிடித்திருக்கிறது, ஆனால் மூக்கிலிருந்து காதுக்குப் போகிற குழாய் சுலபமாகத் திறக்கவில்லை, அழுத்தத்தில் மறுபடி கிழியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வடக்குக் கடல் பக்கம் மூங்கில் மிதவையில் பாசி கட்டுகிறேன், 45 நாளுக்கு ஒரு அறுவடை. வருமானம் குறைவுதான். முங்கும்போது கிடைக்கிற அந்த அமைதிக்கு மனசு இன்னும் ஏங்குகிறது. உங்களுக்குக் குழாய் நன்றாக இருந்தால் டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம், ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவர் சொல்கிறவரை தண்ணீரில் முங்கவே வேண்டாம், கரையோரத்தில்கூட. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, பழைய டெஸ்ட் சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை உங்கள் வலது பக்கம் உட்காரச் சொல்லுங்கள்.